வளர மறந்த மீன்

மீன் வாங்கச் சந்தைக்குப் போகிறவர்களில் ஜிலேபிக் கெண்டையை அறியாதவர் இருக்க முடியாது. சாம்பலும் கறுப்பும் கலந்த நிறம், தட்டையான உடல், முதுகின் மேல் வரிசையாகக் குத்திட்டு நிற்கும் முட்கள். ஒரு கூடையிலே அது சாணுக்கு மேல் நீண்டு, தராசில் ஏறி, கிலோ இன்ன விலை என்று கௌரவமாக விற்கப்படுகிறது. அடுத்த கூடையிலே அதே மீன் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் கிடக்கிறது. அதை நிறுப்பாரில்லை, கூறு கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். முன்னது பெரிய மீன், பின்னது குஞ்சு என்று நாம் எண்ணிக்கொள்வது இயல்பே. ஆனால் அந்தக் கூறு மீனை வீட்டுக்குக் கொண்டு வந்து வயிற்றைக் கீறும் பெண்மணிகள் பல சமயம் உள்ளே மஞ்சள் நிறமான சினைத் திரளைக் காண்கிறார்கள். சினை வைத்த மீன் எப்படிக் குஞ்சாகும்? அது தாய், ஒருவேளை இதற்கு முன் சில முறை தாயாகிவிட்ட மீனாகவும் இருக்கலாம். வயது ஏறியிருக்கிறது, உடல் மட்டும் ஏறவில்லை.

மரக்கறி உணவுக்கார நேயர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது சமையற் குறிப்பு அல்ல. ஒரு பிராணி எதனால் வளர்கிறது, எதனால் வளராமல் நின்றுபோகிறது என்ற கேள்வி மீன் உண்ணாதவர்களுக்கும் சுவையானதுதான். அதோடு, நம் ஊர் ஏரிகளிலும் கண்மாய்களிலும் மீன் குத்தகை எடுத்துப் பிழைக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது வயிற்றுப் பிரச்சினையாகவும் இருக்கிறது.

இந்த மீன் நம் நாட்டு மீன் அன்று. ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையோர நதிகளே இதன் பிறப்பிடம். மொசாம்பிக் நாட்டில் கண்டெடுத்த மீன்களைக் கொண்டு, பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் 1852இல் இதை விவரித்து, அந்நாட்டின் பெயரையே இதற்குச் சூட்டினார். பிறகு 1930களில் ஜாவாத் தீவின் தென்கரையில், கடலோரக் காயல் ஒன்றில் சில மீன்கள் அகப்பட்டன. அவை ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பது இன்றுவரை புதிர். அவற்றைக் குளத்தில் விட்டுப் பெருக்கிக் காட்டியவர் முஜாயிர் என்னும் ஜாவாக்காரர். இந்தோனேஷியாவில் இன்றும் அவர் பெயராலேயே இந்த மீனை அழைக்கிறார்கள். மீனின் பெயரால் மனிதர்களுக்குப் பட்டப் பெயர் வைப்பது நாம் பள்ளிக்கூடங்களில் தினந்தோறும் கேட்பது. மனிதரின் பெயர் மீனுக்குப் போனது அபூர்வந்தான். மற்ற நாடுகளில் இதன் வகையைத் திலாப்பியா என்பார்கள். அந்தச் சொல்தான் நம்மவர் நாவில் புரண்டு புரண்டு ஜிலேபி ஆயிற்று என்று எண்ண இடமிருக்கிறது.

சுதந்திரம் வந்த புதிதில் நம் தேசத்தை வாட்டிய உணவுப் பஞ்சத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஏழைகளுக்கு மலிவான புஷ்டியுள்ள ஆகாரம் எங்கே கிடைக்கும் என்று தேடிய காலம் அது. அந்தச் சமயத்தில், 1952இல், இலங்கையிலிருந்து இந்த மீனை மண்டபத்துக்குக் கொண்டு வந்தார்கள். இதற்கு என்ன தீனி வேண்டும்? பாசி போதும், அழுகிய இலை தழை போதும், அடிச் சேறும் போதும். நல்ல தண்ணீரிலும் வாழும், உப்புத் தண்ணீரிலும் வாழும். நோய் எளிதில் அண்டாது. குஞ்சு வாங்கி விட வேண்டிய செலவும் இல்லை, தானே பெருகிக்கொள்ளும். இத்தனை சற்குணங்களும் ஒருங்கே அமைந்த மீன் வேறு உண்டா என்று எல்லாரும் மகிழ்ந்ததில் வியப்பில்லை. சென்னை ராஜ்யத்துக் குளங்களில் அது வேகமாகப் பரவிற்று.

ஏழே ஆண்டுகளில் அபிப்பிராயம் தலைகீழாயிற்று. இந்த மீனை மேலும் பரப்பக் கூடாது என்று 1959இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழுவினர் தடை விதித்தனர். ஆனால் மீனுக்குத் தடையுத்தரவு படிக்கத் தெரியாதல்லவா? அது ஏரியிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தானே பெருகிக்கொள்ளும் என்று எந்தக் குணத்தைப் புகழ்ந்தார்களோ, அந்தக் குணமே வினையாகிவிட்டது.

இதன் குடும்ப வாழ்க்கையைக் கொஞ்சம் கவனிப்போம். ஆண் மீன் குளத்தின் அடியில் வாயாலும் உடலாலும் மண்ணைத் தள்ளி, வட்டமாக ஒரு பள்ளம் தோண்டும். பெண் மீன் அங்கே வந்து முட்டையிட்டு, உடனே அந்த முட்டைகளைத் தன் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். முட்டை பொரிவதும், குஞ்சுகள் கரு உணவு தீர்ந்து நீந்தத் தொடங்குவதும் எல்லாம் தாயின் வாய்க்குள்ளேதான். வெளியே வந்த பிறகும், பகை நெருங்கினால் குஞ்சுக் கூட்டம் முழுவதும் மீண்டும் வாய்க்குள் புகுந்துகொள்ளும். வாய் நிறையக் குழந்தைகளை வைத்துக்கொண்டு தாய் எப்படிச் சாப்பிடுவாள்? அந்த நாட்களில் அவள் உண்பது சொற்பம், அல்லது ஒன்றுமே இல்லை. விரதம் முடிந்து சற்றே தேறினதும், வெப்பமான நம் ஊர்த் தண்ணீரில் ஒன்றரை மாதத்துக்குள்ளாகவே அடுத்த பிரசவத்துக்குத் தயாராகிவிடுகிறாள். ஒரு தடவைக்குச் சில நூறு குஞ்சுகள். காவல் பலமானதால் அவற்றிற் பெரும்பங்கு பிழைத்தும் விடுகின்றன. லட்சக்கணக்கில் முட்டையிட்டு அவற்றை ஆற்றோடு விட்டுவிடும் ரோகு, கட்லா மீன்களின் வழி வேறு. சிலவற்றைப் பெற்றுச் சீராகக் காக்கும் இவளது வழி வேறு.

இனி மூல விஷயத்துக்கு வருவோம். மீனின் உடல்நிலையைப் பற்றிப் பேசும்போது இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று வளர்ச்சி, அதாவது, இத்தனை மாதத்தில் இத்தனை நீளம் என்பது. மற்றொன்று புஷ்டி, அதாவது, இந்த நீளத்துக்கு எவ்வளவு எடை என்பது. பள்ளிக்கூடங்களில் குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் குறித்து வைப்பதை நேயர்கள் அறிவார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தை ஒரு ரகம்; உயரத்துக்கேற்ற எடை இல்லாத குழந்தை வேறொரு ரகம். முன்னது நெடுநாளையப் பற்றாக்குறையைக் காட்டும். பின்னது அண்மையில் நேர்ந்த பட்டினியையோ நோயையோ காட்டும். மீனிலும் அப்படியே. குட்டையாகவும் கொழுகொழுவென்றும் ஒரு மீன் இருக்கலாம். நீண்டு மெலிந்தும் ஒரு மீன் இருக்கலாம்.

புஷ்டியை அளக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து தேசத்து விஞ்ஞானியான ஃபுல்டன் என்பவர் பெயரால் அது வழங்குகிறது. ஒரு பொருளின் உருவம் மாறாமல் நீளம் மட்டும் 2 மடங்கானால், அதன் எடை 2 மடங்கு ஆவதில்லை. அகலமும் பருமனும் கூடவே பெருகுவதால் 8 மடங்கு ஆகிறது. எனவே எடையைக் கிராமில் எடுத்து, 100ஆல் பெருக்கி, சென்டிமீட்டரில் அளந்த நீளத்தின் கனத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். 10 சென்டிமீட்டர் மீன் 20 கிராம் இருந்தால், 2000ஐ 1000ஆல் வகுக்க 2 வரும். 15 சென்டிமீட்டர் மீன் 65 கிராம் இருந்தால், 6500ஐ 3375ஆல் வகுக்க ஏறக்குறைய 1.93 வரும், அந்த மீன் நன்றாகவே உண்டு வாழ்ந்திருக்கிறது. அதே 15 சென்டிமீட்டர் மீன் 50 கிராமே இருந்தால் எண் 1.48க்கு இறங்கிவிடும், அது இளைத்த மீன். அளவுகோலும் சமையலறைத் தராசும் உள்ள வீட்டிலே எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைச் செய்துவிடலாம். கன எண்களால் உலகில் என்ன பிரயோஜனம் என்று நம்மை ஆண்டுதோறும் கேட்கும் மாணாக்கர்களுக்கு இதுவே நமது பதில்.

ஆனால் இந்த எண்ணைக் கண்மூடித்தனமாக நம்பிவிடலாகாது. விரால் பாம்புபோல் நீண்டு உருண்ட மீன். 40 சென்டிமீட்டர் விரால் அரைக் கிலோ இருந்தால் அதன் எண் 1ஐக்கூட எட்டாது. அதனால் விரால் பட்டினி கிடக்கிறது என்று சொல்வது, சவுக்கு மரத்தை ஆலமரத்தோடு நிறுத்தி இரக்கப்படுவது போலாகும். ஒரே இனத்துக்குள்தான் ஒப்பிட வேண்டும். சினை நிறைந்த வயிறும், அப்போதுதான் தின்று நிறைந்த குடலும் எடையைக் கூட்டிக் காட்டும். வாயில் குஞ்சு வைத்திருந்து விரதம் முடித்த தாயின் எண் தாழ்ந்திருக்கும். ஆகவே, ஆண் வேறு பெண் வேறாக, மாதத்துக்கு மாதம் பல மீன்களை நிறுத்துப் பார்த்தால்தான் அந்தக் குளத்தின் நிலைமை விளங்கும்.

சரி, ஜிலேபி ஏன் குட்டையாகிறது? மனிதர்களும் ஆடு மாடுகளும் ஒரு வயதோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறார்கள். மீன்களில் பெரும்பாலானவை அப்படியல்ல. உணவும் இடமும் இருக்கும் வரையில், வேகம் குறைந்தாலும், வளர்ந்துகொண்டே போகும். உண்டதிலிருந்து கிடைக்கும் சத்து, உயிரைத் தாங்கியது போக, உடலை வளர்க்கவும் சந்ததியைப் பெருக்கவும் பங்கிடப்படுகிறது. விசாலமான நீர்நிலையில் ஜிலேபி முதலில் உடலை வளர்த்துக்கொண்டு, 15, 20 சென்டிமீட்டர் தாண்டிய பிறகே குடும்பத்தில் இறங்குகிறது. சிறு குளத்தில் நெருக்கடி மிகும்போதோ, பிறந்து 2, 3 மாதங்களிலேயே, 8 அல்லது 10 சென்டிமீட்டர் இருக்கும்போதே தாயாகிவிடுகிறது. கிடைக்கும் சத்தெல்லாம் சினைக்குப் போய்விட்டால் உடல் எதைக் கொண்டு வளரும்?

இதை மீனின் பேதைமை என்று கருத வேண்டாம். வெள்ளம் வந்தால் விரிந்து, வறட்சி வந்தால் குட்டையாகச் சுருங்கும் நீர்நிலைகளில் வாழ்ந்த வம்சம் அது. நாளைக்குத் தண்ணீர் இருக்குமோ இராதோ என்ற இடத்தில், பெரிதாக வளர்ந்த பின் பெற்றுக்கொள்வோம் என்று காத்திருந்த மீன் வம்சமின்றி மாண்டிருக்கும். அவசரப்பட்டதே பிழைத்தது. தன் வரையில் அது கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் குளத்தைக் குத்தகை எடுத்தவருக்கு அதனால் என்ன லாபம்? ஒரு குளத்திலுள்ள உணவு 1000 கிலோ மீனைத்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 1000 கிலோவும் 200 கிராம் மீன்களாக 5000 இருந்தால் தராசில் ஏறும். 20 கிராம் மீன்களாக 50,000 இருந்தால் கூறு கட்டத்தான் ஆகும். மொத்த எடை ஒன்றே, வரும்படி ஒன்றல்ல. வாங்குகிறவர்களுக்கும் நஷ்டமே. குட்டையான மீனில் தலையும் கண்ணும் பெரிதாக இருந்து, சதை குறைந்து, முள்ளை ஆய்வதிலேயே சாப்பாட்டு வேளை கழிந்துவிடும்.

நெருக்கம் தளர்ந்தால் மீன் வளரும் என்பதற்குச் சான்று உண்டா என்று கேட்கலாம். சிறந்த சான்று ஒன்று குளிர் தேசத்திலிருந்து, வேறொரு மீனைக் கொண்டு, கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தின் வடபகுதியில் விண்டர்மியர் என்ற பெரிய ஏரி இருக்கிறது. அதில் பெர்ச் என்ற வரி மீன்கள் ஏராளமாகவும் குட்டையாகவும் இருந்தன. இரண்டாவது உலக யுத்தத்தில் உணவு முடை ஏற்பட்டபோது, 1941 முதல் கூண்டுப் பொறிகளை வைத்து அவற்றை டன் கணக்காகப் பிடித்து, தகரத்தில் அடைத்து, சார்டீன் என்ற பெயரைப்போல ஒலிக்கும்படி 'பெர்ச்சைன்ஸ்' என்று பெயரிட்டு விற்றார்கள். ருசி எப்படியோ, அந்த ஏரிக்கரை ஆராய்ச்சியாளர்களுக்கு அது பெரிய வாய்ப்பாகிவிட்டது. செவுள் மூடி எலும்பிலே ஆண்டுக்கொன்றாக விழும் வளையங்களை எண்ணி மீன்களின் வயதைக் கணித்து, பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து வந்தார்கள். கூட்டம் குறைந்த பின் எஞ்சிய மீன்கள் முன்னிலும் வேகமாக வளர்ந்தன. லெ கிரென் என்ற விஞ்ஞானி இந்தப் பெர்ச் மீன்களின் நீளத்தையும் எடையையும் புஷ்டியையும் பற்றி 1951இல் எழுதிய கட்டுரையை, மீன்களை நிறுப்பவர்கள் உலகமெங்கும் இன்றும் எடுத்தாளுகிறார்கள். நம் ஊர் மீனின் எலும்பிலும் செதிலிலும் அப்படித் தெளிவான ஆண்டு வளையம் விழுவதில்லை; கடுங்குளிர் வந்து வளர்ச்சியைத் தடுத்துக் கோடு கிழிக்க நம்மிடம் பனிக்காலம் ஏது?

ஜிலேபிக்கே சான்று வேண்டுமென்றால் இலங்கைக்குப் போகலாம். 1950களின் தொடக்கத்தில் அங்கே பொலன்னறுவையில் உள்ள பராக்கிரம சமுத்திரம் போன்ற பழைய மன்னர் காலத்துப் பெருங்குளங்களில் இதே மீனை விட்டார்கள். நம்மவர் எதைச் சபித்தார்களோ அதைக் கொண்டே அங்கே ஓர் உள்நாட்டு மீன்பிடித் தொழில் எழுந்து நின்றது. உள்நாட்டு ஜனங்களுக்கு மலிவான மீன் கிடைத்தது. மீன் ஒன்றுதான், தண்ணீர் வேறு. பரந்த நீர்ப்பரப்பு; இரை தேடும் பறவைக் கூட்டம்; நாள் தவறாமல் வலை போடும் செம்படவர். இத்தனையும் சேர்ந்து கூட்டத்தை ஓயாமல் குறைத்துக்கொண்டே வந்தால் எஞ்சியவை வளர இடம் கிடைக்கிறது. தமிழ்நாட்டிலும் அமராவதி போன்ற நீர்த்தேக்கங்களில் ஜிலேபி நல்ல அளவில் அகப்பட்டதுண்டு. ஆகவே இந்த மீனை அடியோடு கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதும், 1952இல் சொன்னதுபோல் அமிர்தம் என்று கொண்டாடுவதும் நமக்கு ஒரே வகையான அவசரமாகவே தோன்றுகின்றன. இருந்தபோதிலும், சிறு குளங்களில் நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் இது பறித்துக்கொள்கிறது என்ற குற்றச்சாட்டு ஆதாரமற்றதல்ல.

கட்லாவுக்கும் ரோகுவுக்கும் இந்த வம்பு ஏன் வருவதில்லை? அவை ஆற்று வெள்ளத்தில் இனம் பெருக்குபவை. நின்ற குளத்தில் தாமாகக் குஞ்சு பொரிப்பதில்லை. எத்தனை குஞ்சு விடுகிறோமோ அத்தனைதான். முன்னாட்களில் அந்தக் குஞ்சுகளை நதிகளில் அரித்தெடுக்க வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10ஆம் தேதி, ஒடிசாவிலுள்ள அங்குல் என்ற ஊரில், ஹீராலால் சௌதுரியும் அவரோடு இருந்தவர்களும் மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியால் ஏற்றி, குளத்து மீனையே முட்டையிடச் செய்தார்கள். அந்த நாளைத்தான் இன்றும் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆந்திரத்தின் கொல்லேறு பிரதேசத்தில் மீன் வளர்ப்போர், ரோகு, கட்லாக் குஞ்சுகளை வேண்டுமென்றே நெருக்கமாக அடைத்து, அரைத் தீனி கொடுத்து, ஓராண்டு வரை குட்டையாக வைத்திருக்கிறார்கள். பிறகு விசாலமான குளத்தில் விட்டு வயிறார உணவளித்ததும், தவறவிட்ட வளர்ச்சியை எல்லாம் ஈடு கட்டுவதுபோல் அவை மளமளவென்று வளர்கின்றன. குட்டையானது நோயல்ல, தவணை சொல்லி நிறுத்தி வைத்த வளர்ச்சி. ஆனால் கெண்டை மீன்கள் அந்தக் காத்திருப்பில் பிள்ளை பெறுவதில்லை, ஜிலேபி பெறுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

குத்தகைதாரர்கள் செய்யக்கூடியது என்ன? நம் மக்கள் பொதுவாகப் பெரிய மீனைப் பிடித்துவிட்டுச் சிறியதைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். கட்லா வளர்க்கும் குளத்தில் அது நல்ல வழக்கம். ஜிலேபிக் குளத்திலோ, பெரியவை போய், சிறுத்தே சினை வைப்பவை மட்டும் தங்கி, கூட்டத்தைப் பெருக்குகின்றன. அங்கே சிறியதையும் சேர்த்து அரித்தெடுப்பதே முறை. விரால் குஞ்சுகளைக் கூட விடலாம். அவை வளர்ந்து ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்று தொகையைக் குறைக்கும், கடைசியில் தாமும் நல்ல விலைக்குப் போகும். பெண்ணைக் காட்டிலும் ஆண் ஜிலேபி வேகமாக வளர்வதால், ஆண் மீன்களை மட்டுமே வளர்க்கும் முறையும் வந்திருக்கிறது. 1988இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் தொடங்கி, நைல் நதித் திலாப்பியாவைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து உருவாக்கிய 'கிஃப்ட்' என்ற வகையை, அரசாங்க அனுமதி பெற்றவர்கள் இப்போது தமிழ்நாட்டிலும் அவ்வாறு வளர்க்கிறார்கள். நாம் முதலில் சொன்ன, தராசில் ஏறும் பெரிய மீன்களில் பல அந்தப் பண்ணைகளிலிருந்து வருபவை.

கோடையில் ஏரி வற்றி, கடைசிக் குட்டையை ஊரார் இறங்கிக் கலக்கும் நாளில், சேற்றிலிருந்து வாரி எடுக்கும் ஜிலேபிகளில் பத்தைத் தனியே வைத்து நீளமும் எடையும் குறித்துக்கொள்ளுங்கள். எண் 2ஐ ஒட்டி இருந்து மீன் மட்டும் சிறியதாக இருந்தால், அந்த ஏரியில் உணவு இருந்திருக்கிறது, கூட்டந்தான் அதிகம். எண்ணும் 1.5க்குக் கீழே போயிருந்தால் உணவும் போதவில்லை. மழை பெய்து ஏரி மறுபடியும் நிரம்புவதற்குள், அடுத்த குத்தகைக்கு எந்தக் குஞ்சை எத்தனை விடுவது என்று முடிவு செய்ய அந்தப் பத்து மீன்களின் கணக்கு கையில் இருக்கும்.